சாம்பிள் பாஸ், சப்மிட் ஃபெயில்: கோடிங் சவால்களில் பிழை பிடிப்பது எப்படி?

கோடிங் தளம் ஒன்றில் கேள்விக்குக் கோட் எழுதுகிறீர்கள். கேள்வியில் கொடுத்த சாம்பிளுக்குச் சரியான விடை வருகிறது. நம்பிக்கையோடு சப்மிட் அழுத்துகிறீர்கள். சில நொடிகளில் சிவப்பு எழுத்தில் 'ராங் ஆன்சர்' என்று வந்து நிற்கிறது. அடுத்து உங்கள் கை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். என் கையும் அதைத்தான் செய்தது. லூப்பில் இருக்கும் < குறியை <= ஆக்கி மறுபடி சப்மிட். தோற்றால் n-ஐ n-1 ஆக்கி இன்னொரு சப்மிட். ஒரு ராத்திரி ஒரே கேள்விக்கு இப்படி 17 முறை அனுப்பியிருக்கிறேன். 18-வது முறை பாஸ் ஆனது. ஏன் பாஸ் ஆனது என்று மறுநாள் காலையில் என்னாலேயே சொல்ல முடியவில்லை. அதே மாதிரி கேள்வி அடுத்த வாரம் வந்தபோது மறுபடி முதலிலிருந்து தடுமாறினேன்.

அந்த ராத்திரிக்குப் பிறகு எனக்கு நானே ஒரு விதி போட்டுக்கொண்டேன். என் கோட் எந்த இன்புட்டுக்குத் தோற்கிறது, அந்த இன்புட்டுக்குச் சரியான விடை என்ன என்ற இரண்டும் கையில் இல்லாமல் கோடில் ஒரு எழுத்தைக்கூட மாற்றுவதில்லை. கீழே வருவதெல்லாம் அந்த இரண்டையும் கண்டுபிடிக்கும் வழிகள்தான்.

படி 1: தளம் என்ன சொல்கிறது என்று படியுங்கள்

'ஃபெயில்' என்பது ஒரே வகை அல்ல. ஒவ்வொரு தீர்ப்பும் தேட வேண்டிய இடத்தைச் சொல்லிவிடுகிறது.

கம்பைல் எரர் வந்தால் கவலையே இல்லை, வரி எண்ணோடு வரும். பத்து எரர் வரிசையாக வந்தாலும் முதலாவதை மட்டும் பாருங்கள். மற்றவை பெரும்பாலும் அதன் வால்.

ரன்டைம் எரர் என்றால் புரோகிராம் நடுவழியில் செத்துப்போயிருக்கிறது. லினக்ஸில் ஓடும் தளம் எக்ஸிட் கோட் காட்டினால் அதைக் கவனியுங்கள். 139 என்றால் தொடக்கூடாத மெமரியைத் தொட்டிருக்கிறீர்கள்: அர்ரேயின் எல்லை தாண்டியிருக்கலாம், ரிகர்ஷன் (ஃபங்க்ஷன் தன்னையே அழைப்பது) ஆழமாகப் போயிருக்கலாம். 136 என்றால் பெரும்பாலும் முழு எண்ணைப் பூஜ்யத்தால் வகுத்திருக்கிறீர்கள்.

டைம் லிமிட் என்றால் இரண்டு சாத்தியம்: கோட் மெதுவாக ஓடுகிறது, அல்லது முடியவே முடியாத லூப்பில் மாட்டியிருக்கிறது. இரண்டுக்கும் மருந்து வேறு. அதைப் பின்னால் பார்ப்போம்.

மிச்சமிருப்பது ராங் ஆன்சர். புதியவர்களை அதிகம் அலைக்கழிப்பது இதுதான். எத்தனையாவது டெஸ்டில் தோற்றது என்பதே ஒரு துப்பு. இரண்டாவது டெஸ்டிலேயே தோற்றால், அடிப்படையில் ஏதோ தப்பு, அல்லது கேள்வியைத் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறீர்கள். முப்பது டெஸ்ட் தாண்டித் தோற்றால், யோசனை சரியாக இருந்து ஏதோ ஒரு ஓரத்தில் இடறியிருக்க வாய்ப்பு அதிகம்: மிகப் பெரிய எண், எல்லாம் ஒரே எண், ஒரே ஒரு உறுப்பு. இது சட்டமல்ல, எங்கிருந்து தேடத் தொடங்கலாம் என்பதற்கான ஊகம்.

லீட்கோட் என்ற பயிற்சித் தளம் தோற்ற இன்புட்டையே காட்டிவிடும். கோட்ஃபோர்சஸ் என்ற போட்டித் தளத்தில் நீளமான இன்புட் பாதியில் வெட்டப்பட்டு மூன்று புள்ளிகளோடு நிற்கும். பல வேலைவாய்ப்புத் தேர்வுகளில் '15-இல் 11 பாஸ்' என்பதற்கு மேல் எதுவும் சொல்ல மாட்டார்கள். அதனால் இன்புட்டைத் தளம் கொடுக்காது என்று வைத்துக்கொண்டே பழகுங்கள்.

படி 2: கேள்வியை இன்னொரு முறை, விரல் வைத்து

இதைச் சொன்னால் எல்லோருக்கும் அலுப்பு வரும். 'படிச்சேனே' என்பார்கள். ஆனால் என்னிடம் உதவி கேட்டு வந்தவர்களின் கோடில் நான் பார்த்த பிழைகளில் கணிசமானவை கோடில் இல்லை, வாசிப்பில் இருந்தன.

முதல் முறை படிக்கும்போது கதையைப் படிப்போம். இரண்டாவது முறை சொற்களைப் படிக்க வேண்டும். 'சப்அர்ரே' என்றால் தொடர்ச்சியாக இருக்க வேண்டும், 'சப்சீக்வென்ஸ்' என்றால் இடையில் விடலாம். 'டிஸ்டிங்க்ட்' (வெவ்வேறான) என்று ஒரு சொல் வாக்கியத்தின் நடுவே ஒளிந்திருக்கும். இண்டெக்ஸ் 0-இலிருந்தா, 1-இலிருந்தா? இன்புட் வரிசைப்படுத்தப்பட்டது என்று கேள்வி சொல்கிறதா, அல்லது சாம்பிள் தற்செயலாக அப்படி இருந்ததால் நீங்களே நினைத்துக்கொண்டீர்களா? விடை 'யெஸ்' என்று கேட்டால் எல்லாம் பெரிய எழுத்தா, முதலெழுத்து மட்டுமா?

பிறகு கன்ஸ்ட்ரெயின்ட்ஸ் பகுதி, அதாவது இன்புட்டின் எல்லைகளைச் சொல்லும் இடம். புதியவர்கள் அதை ரயில் டிக்கெட்டின் பின்பக்கம் மாதிரி நினைக்கிறார்கள். உண்மையில் கேள்வி எழுதியவர் தன்னையறியாமல் துப்பு கொடுக்கும் இடம் அது. மதிப்பு -10⁹-இல் தொடங்குகிறது என்றால் மைனஸ் எண் வரும். n-இன் குறைந்தபட்சம் 1 என்றால், ஒரே உறுப்புள்ள டெஸ்ட் ஒன்று கட்டாயம் இருக்கும் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 3: தோற்கும் சின்ன இன்புட்டைத் தேடுங்கள்

இதுதான் முக்கியமான படி. ஒரு உதாரணத்தை எடுத்துக்கொண்டு மெதுவாகப் போவோம்.

கேள்வி: n எண்கள் தரப்படும், ஒவ்வொன்றும் -10⁹ முதல் 10⁹ வரை. அவற்றில் வெவ்வேறான மதிப்புகளில் இரண்டாவது பெரியதை அச்சிடுக. அப்படி ஒன்று இல்லையென்றால் 'இல்லை' என்று அச்சிடுக. சாம்பிள்: 3 5 8, விடை 5.

புதியவர் எழுதும் முதல் கோட், தமிழில் சொன்னால், இப்படி இருக்கும்:

பெரியது = 0
அடுத்தது = 0
ஒவ்வொரு எண்ணுக்கும்:
— எண் > பெரியது எனில்: அடுத்தது = பெரியது, பெரியது = எண்
அடுத்தது-ஐ அச்சிடு

சாம்பிளை ஓட்டினால் 5 வருகிறது. சப்மிட் செய்தால் ராங் ஆன்சர்.

இப்போது கோடைப் பார்க்காதீர்கள். கோடைப் பார்த்தால், எழுதும்போது என்ன நினைத்தீர்களோ அதுதான் மறுபடி கண்ணில் படும். இன்புட்டைப் பாருங்கள். 3 5 8-இல் என்ன விசேஷம்? ஏறுவரிசை. எல்லாம் பிளஸ் எண். எதுவும் இரண்டு முறை வரவில்லை. மூன்று விசேஷங்கள். ஒவ்வொன்றாக உடைப்போம்.

வரிசையை உடைத்தால்: 8 5. விடை 5 வர வேண்டும். கோட் 0 என்கிறது. கிடைத்துவிட்டது. இரண்டே எண்ணில் தோற்கிறது. இதைத் தாளில் ஓட்டிப் பாருங்கள்:

தொடக்கம்: பெரியது 0, அடுத்தது 0
எண் 8: 8 > 0, ஆம். அடுத்தது 0, பெரியது 8
எண் 5: 5 > 8, இல்லை. எதுவும் மாறவில்லை.

மூன்றாவது வரியிலேயே கண் நிற்கிறது. 5 வந்தது, எந்தத் தடமும் விடாமல் போய்விட்டது. 'பெரியதைவிடச் சின்னது, ஆனால் அடுத்ததைவிடப் பெரியது' என்ற நிலைமையை நாம் யோசிக்கவே இல்லை. அந்த எல்ஸ்-இஃப் கிளையைச் சேர்க்கிறோம். 8 5 பாஸ்.

இங்கேதான் பெரும்பாலானோர் சப்மிட்டுக்கு ஓடுவார்கள். கொஞ்சம் பொறுங்கள், இன்னும் இரண்டு விசேஷம் மிச்சமிருக்கிறது. திரும்ப வரும் எண்: 8 8 3. விடை 3 வர வேண்டும், கோட் 8 என்கிறது. இரண்டாவது 8, பெரியதைவிடப் பெரியதல்ல. ஆனால் அடுத்ததைவிடப் பெரியது. நாம் இப்போதுதான் சேர்த்த கிளைக்குள் நுழைந்துவிட்டது. அதாவது ஒரு பிழையைச் சரிசெய்த வரியே அடுத்த பிழைக்குக் கதவு திறந்திருக்கிறது. பெரியதற்குச் சமமான எண்ணைத் தாண்டிப் போகச் சொல்கிறோம்.

மைனஸ் எண்: -4 -2. விடை -4, கோட் 0 என்கிறது. இன்புட்டில் இல்லவே இல்லாத எண் விடையாக வந்தால் சந்தேகம் நேரே தொடக்க மதிப்பின் மேல்தான் விழ வேண்டும். 0-ஐ எடுத்துவிட்டு, எந்த எண்ணும் தொட முடியாத ஒரு மதிப்பு, -10⁹-ஐ விடச் சின்னது, வைக்கிறோம்.

கடைசியாக 'இல்லை' என்ற கிளை. சிலர் 'அடுத்தது 0 ஆகவே இருந்தால் இல்லை என்று அச்சிடு' என்று எழுதியிருப்பார்கள். அவர்களுக்கு 0 5 கொடுங்கள். விடை உண்மையிலேயே 0.

இத்தனை சின்னக் கோடில் நான்கு பிழை. நான்குமே இரண்டு மூன்று எண்ணிலேயே மாட்டிக்கொண்டன. லட்சம் எண் உள்ள டெஸ்டில் தோற்றாலும் அதற்குள் ஒளிந்திருக்கும் காரணம் பெரும்பாலும் இவ்வளவு சின்னதுதான்.

ஆகவே எந்தக் கேள்விக்கும் நான் கையால் போட்டுப் பார்க்கும் இன்புட்டுகள்: ஒரே உறுப்பு, இரண்டு உறுப்பு (இரண்டு வரிசையிலும்), எல்லாம் ஒன்றே, எல்லாம் மைனஸ், 0 கலந்தது, ஏற்கெனவே வரிசையில் இருப்பது, தலைகீழாக இருப்பது, அனுமதித்த மிகப் பெரிய மதிப்பு. ஸ்ட்ரிங் என்றால் ஒரே எழுத்து, காலி ஸ்ட்ரிங் (அனுமதி இருந்தால்), இடைவெளி. கிராஃப் (நோடு எனும் புள்ளிகளும் அவற்றை இணைக்கும் எட்ஜ் எனும் கோடுகளும்) என்றால் தனித்து நிற்கும் ஒரு நோடு, இரண்டு துண்டாகப் பிரிந்த கிராஃப், தன்னோடு தானே இணைந்த எட்ஜ்.

ஒரு எச்சரிக்கை. எதிர்பார்க்கும் விடையைக் கோடை ஓட்டுவதற்கு முன்பே தாளில் எழுதிவிடுங்கள். ஓட்டிய பிறகு எழுதினால், திரையில் வந்த எண் 'சரிதான் போலிருக்கே' என்று உங்களையே சமாதானப்படுத்திவிடும். நான் இதில் பல முறை ஏமாந்திருக்கிறேன்.

தளம் பெரிய இன்புட்டைக் காட்டிவிட்டால் வேலை தலைகீழ்: அதைச் சுருக்க வேண்டும். பாதியை வெட்டி ஓட்டுங்கள். இன்னும் தோற்கிறதா? மறுபடி வெட்டுங்கள். தோற்கவில்லையா? மற்ற பாதியை வைத்துப் பாருங்கள். எதை எடுத்தாலும் பாஸ் ஆகிவிடும் என்ற கட்டம் வரும்வரை போனால், மிஞ்சியது தாளில் ஓட்டிப் பார்க்கும் அளவுக்கு வந்திருக்கும்.

படி 4: கையால் பிடிபடவில்லையா? கம்ப்யூட்டரையே தேட விடுங்கள்

ஸ்ட்ரெஸ் டெஸ்டிங் என்பார்கள். போட்டிகளில் ஊறியவர்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு, ஆனால் புதியவர்களுக்கு யாரும் சொல்லித்தருவதில்லை. இதற்கு மூன்று சின்ன புரோகிராம் வேண்டும்.

ஒன்று உங்கள் கோட். இரண்டாவது, அதே கேள்விக்கு மடத்தனமான, மெதுவான, ஆனால் சந்தேகத்துக்கு இடமில்லாத ஒரு விடை. மேலே உள்ள உதாரணத்துக்கு: எல்லா எண்ணையும் செட்டில் (ஒரே மதிப்பை இரண்டு முறை வைக்காத தொகுப்பு) போட்டு, வரிசைப்படுத்தி, கடைசிக்கு முந்தையதை எடு, செட்டில் ஒன்றே ஒன்று இருந்தால் 'இல்லை'. மூன்றாவது, தோராயமாக இன்புட் தயாரிப்பது. இவற்றை ஒரு லூப்பில் விட்டு, இரண்டு விடையும் வேறுபட்ட உடனே இன்புட்டை அச்சிட்டு நிறுத்தச் சொல்லுங்கள்.

புதியவர்கள் சறுக்குவது மூன்றாவதில். ஆயிரம் எண், ஒவ்வொன்றும் கோடிக்குள் என்று தயாரிப்பார்கள். அப்படிப் போட்டால் ஒரே எண் இரண்டு முறை வருவதே அபூர்வம், 0 வரவே வராது. தோற்றாலும் ஆயிரம் எண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வது? நீளம் 1 முதல் 5, மதிப்பு -3 முதல் 3 என்று வையுங்கள். அந்த எல்லைக்குள் மொத்தமே 19,607 அர்ரேக்கள்தான் (7 + 49 + 343 + 2401 + 16807). தோராயமாகக்கூட வேண்டாம், அத்தனையையும் ஒன்று விடாமல் ஓட்டினாலும் காபி ஆறுவதற்குள் முடிந்துவிடும். சின்ன நீளத்திலிருந்து தொடங்கினால் முதலில் மாட்டுவதே மிகச் சின்ன எதிர் உதாரணமாக இருக்கும். சுருக்கும் வேலையும் மிச்சம்.

மெதுவான விடையை எழுதும்போது உங்கள் கோடிலிருந்து ஒரு வரிகூட நகலெடுக்காதீர்கள். இன்புட் வாசிக்கும் பகுதியில் பிழை இருந்து அதையே இரண்டிலும் ஒட்டியிருந்தால், இரண்டும் ஒரே தப்பைச் செய்து கைகோத்துப் பாஸ் ஆகும்.

இரண்டும் எல்லா இடத்திலும் ஒத்துப்போகிறது, ஆனால் தளம் மட்டும் ராங் ஆன்சர் என்கிறது என்றால்? அதுவும் பயனுள்ள செய்திதான். ஒன்று, கேள்வியையே தப்பாகப் புரிந்து இரண்டையும் எழுதியிருக்கிறீர்கள். படி 2-க்குத் திரும்புங்கள். அல்லது சின்ன எண்ணில் தெரியாத பிழை. அதைக் கீழே 'அடிக்கடி மாட்டும் ஆசாமிகள்' பகுதியில் பார்ப்போம்.

படி 5: தோற்கும் இன்புட் கிடைத்தது, இப்போது வரியைக் கண்டுபிடியுங்கள்

டீபக்கர் (கோடை வரி வரியாக நிறுத்தி ஓட்டிப் பார்க்கும் கருவி) தெரிந்தால் பயன்படுத்துங்கள். தெரியாவிட்டால் பிரிண்ட் போதும். அதில் வெட்கப்பட எதுவுமில்லை. ஆனால் பத்து இடத்தில் 'இங்கே வந்தேன்' என்று அச்சிடுவதில் பயன் குறைவு. லூப்பின் ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் ஒரே வரியில் எல்லா முக்கிய வேரியபிள்களையும் பெயரோடு அச்சிடுங்கள். பக்கத்தில் தாளில் நீங்கள் எழுதிய வரிசை இருக்கட்டும். இரண்டும் முதன்முதலாக எந்தச் சுற்றில் பிரிகிறதோ அங்கே பிழை இருக்கிறது. கடைசி விடை தப்பாக வந்த இடத்தில் அல்ல.

நீளமான கோட் என்றால் நடுவில் ஒரு பிரிண்ட் போடுங்கள். அங்கே மதிப்புகள் சரியா? பிழை கீழ்ப்பாதியில். தப்பா? மேல்பாதியில். நான்கைந்து முறை இப்படிப் பாதியாக்கினால் நூறு வரிக் கோடும் சில வரிகளாகச் சுருங்கிவிடும்.

டீபக் பிரிண்ட்களை ஸ்டாண்டர்ட் எரருக்கு, அதாவது விடை போகும் வழியிலிருந்து தனியான அவுட்புட் வழிக்கு, அனுப்பப் பழகுங்கள். அழிக்க மறந்து சப்மிட் செய்தாலும் பெரும்பாலான தளங்கள் அதை விடையோடு சேர்த்துப் பார்ப்பதில்லை. நேரத்தை மட்டும் கொஞ்சம் தின்னும்.

அடிக்கடி மாட்டும் ஆசாமிகள்

இது படியல்ல, பழைய குற்றவாளிகளின் ஆல்பம். கோடைப் பார்க்கும்போது இந்த முகங்கள் தெரிகிறதா என்று பாருங்கள்.

*எண் வழிந்துபோவது.* சாதாரண 32 பிட் இன்ட்டின் உச்சவரம்பு 2147483647, அதாவது ஏறத்தாழ 214 கோடி. 1 முதல் 1,00,000 வரை கூட்டினால் 5000050000, அதாவது 500 கோடிக்கும் மேல். ஜாவாவில் இன்ட்டில் கூட்டினால் 705082704 என்று வரும். சி++-இலும் பெரும்பாலும் இதே எண்தான். கவனியுங்கள், மைனஸ் கூட இல்லை. பார்க்க நல்ல பிள்ளையாக ஒரு பிளஸ் எண், அதனால் சந்தேகமே வராது. இன்புட் சின்னது என்பதும் பாதுகாப்பல்ல. ஒற்றைப்படை என்றால் மூன்றால் பெருக்கி ஒன்று கூட்டு, இரட்டைப்படை என்றால் பாதியாக்கு என்ற பிரபலமான கேள்வியில் 113383 என்று தொடங்கினால் இடையில் 2482111348 வரை ஏறி இறங்கும். சி++-இல் இன்னொரு கண்ணி: விடையை லாங் லாங்கில் (64 பிட் முழு எண்) வைத்தாலும், இரண்டு இன்ட்டைப் பெருக்கினால் பெருக்கல் இன்ட்டிலேயே நடந்து, கெட்ட பிறகுதான் பெரிய பெட்டிக்குள் போகும். பைத்தானில் இந்தத் தொல்லை இல்லை.

பெரியவர்களும் இதில் தப்பவில்லை. ஜாவாவின் நூலகத்தில் இருந்த பைனரி சர்ச்சில் (வரிசைப்படுத்திய அர்ரேயைப் பாதி பாதியாக்கித் தேடும் முறை) நடுப்புள்ளி காண இரண்டு எல்லைகளையும் கூட்டி இரண்டால் வகுத்திருந்தார்கள். அர்ரே மிகப் பெரிதானால் அந்தக் கூட்டல் வழிந்துவிடும். சுமார் ஒன்பது ஆண்டுகள் யார் கண்ணிலும் படாமல் கிடந்தது. 2006-இல் அதைப் பற்றி எழுதியவர் ஜோஷுவா பிளாக். அந்தக் கோடை எழுதியவரும் அவரேதான்.

*வகுத்தலும் மீதியும்.* -7-ஐ 2-ஆல் முழு எண்ணாக வகுத்தால் பைத்தானில் -4, சி++-இலும் ஜாவாவிலும் -3. -7-ஐ 3-ஆல் வகுத்த மீதி பைத்தானில் 2, மற்ற இரண்டில் -1. ஒரு மொழியில் படித்த விடையை இன்னொரு மொழியில் எழுதும்போது இது கடிக்கும். 1000000007-ஆல் மீதி கேட்கும் கேள்விகளில் கழித்தல் வந்தால், மீதி எடுப்பதற்கு முன் அந்த எண்ணை ஒரு முறை கூட்டிவிடுங்கள்.

*முந்தைய டெஸ்டின் மிச்சம்.* முதல் டெஸ்ட் பாஸ், தனியாக ஓட்டினால் எல்லாம் பாஸ், சேர்த்து ஓட்டினால் தோல்வி என்றால் இதுதான். குளோபல் லிஸ்டோ டிக்ஷனரியோ டெஸ்டுகளுக்கு இடையில் காலி செய்யப்படாமல் நிற்கிறது. ஃபங்க்ஷன் மட்டும் எழுதச் சொல்லும் தளங்களில் குளோபல் வேரியபிளே வைக்காதீர்கள். பைத்தானில் ஃபங்க்ஷனின் டிஃபால்ட் மதிப்பாகக் காலி லிஸ்ட் வைப்பதும் இதே வியாதி. அந்த லிஸ்ட் ஒரே முறைதான் பிறக்கிறது, ஒவ்வொரு அழைப்பிலும் வளர்ந்துகொண்டே போகும்.

*ஒரே வரிசைக்கு மூன்று பெயர்.* பைத்தானில் 3×3 கட்டம் செய்ய, மூன்று பூஜ்யம் உள்ள வரிசையை இன்னொரு லிஸ்டுக்குள் வைத்து மூன்றால் பெருக்கினால் மூன்று வரிசை வராது. ஒரே வரிசை மூன்று இடத்தில் தெரியும். ஒரு கட்டத்தை மாற்றினால் அந்தப் பத்தி முழுக்க மாறும். அச்சிட்டுப் பார்த்தால் உடனே தெரியும்.

*127 வரை நல்லவன்.* ஜாவாவில் இன்டிஜர் ஆப்ஜெக்ட்டுகளை == வைத்து ஒப்பிட்டால் -128 முதல் 127 வரை சரியாக வேலை செய்வதுபோல் தெரியும், 128-இல் தோற்கும். சின்ன எண்களை ஜாவா முன்பே செய்து வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பக் கொடுப்பதால் வரும் மாயை. ஈக்வல்ஸ் பயன்படுத்துங்கள். சாம்பிளில் எல்லாம் சின்ன எண்ணாகவே இருக்கும் என்பதால் இது பிடிபட நாளாகும்.

*காலி வெக்டர்.* சி++-இல் காலி வெக்டரின் சைஸிலிருந்து 1 கழித்தால் -1 வராது. சைஸுக்கு மைனஸ் தெரியாது. 64 பிட்டில் 18446744073709551615 வரும். லூப் அவ்வளவு தூரம் ஓடப் பார்க்கும்.

*ஜாவாஸ்கிரிப்ட் சார்ட்.* எதுவும் சொல்லாமல் சார்ட் செய்தால் எண்களை எழுத்தாகப் பார்த்து அடுக்கும். 10, 9, 1 என்பது 1, 10, 9 ஆகும். ஒப்பிடும் ஃபங்க்ஷனை நாமே கொடுக்க வேண்டும்.

*தசம எண்.* 0.1 + 0.2 = 0.30000000000000004. தசமங்களை == கொண்டு ஒப்பிடாதீர்கள். முடிந்தால் தசமமே இல்லாமல் எழுதுங்கள்: a/b > c/d என்பதை, b-யும் d-யும் பிளஸ் எண்ணாக இருக்கும்வரை, a×d > c×b என்று கேட்கலாம்.

டைம் லிமிட் வந்தால்

முதல் கேள்வி: மெதுவா, முடிவே இல்லையா? மூன்று எண் கொடுத்து ஓட்டுங்கள். அப்போதும் நிற்காவிட்டால் முடிவில்லா லூப். புதியவர்களின் பைனரி சர்ச்சில் இது அடிக்கடி வரும். கீழ் எல்லை 3, மேல் எல்லை 4 என்று வைத்துக்கொள்ளுங்கள். நடு, 7-இல் பாதி, 3. கீழ் எல்லையை நடுவுக்கு நகர்த்து என்று எழுதியிருந்தால் 3 மறுபடி 3. அப்படியே காலம் முழுக்க நிற்கும். இரண்டு உறுப்புள்ள டெஸ்டைக் கட்டாயம் போடச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

சின்னதற்கு ஓடிப் பெரியதற்குத் திணறினால் கணக்குப் போடுங்கள். சி++ நொடிக்குச் சுமார் 10 கோடி எளிய செயல்களைத் தாங்கும் என்று வைத்துக்கொள்வது வழக்கம்; பைத்தானுக்கு அதில் பத்தில் ஒரு பங்குகூடக் கஷ்டம். n 20-க்குள் என்றால் எல்லா உட்கணங்களையும் பார்க்கலாம், சுமார் 10 லட்சம்தான். 5,000 என்றால் லூப்புக்குள் லூப் ஓடும். 2 லட்சம் என்றால் லூப்புக்குள் லூப் 4,000 கோடி, வாய்ப்பே இல்லை; சார்ட், டிக்ஷனரி, டூ பாயிண்டர் (இரண்டு இண்டெக்ஸை நகர்த்தி ஒரே ஓட்டத்தில் முடிப்பது) என்று யோசிக்க வேண்டும். n 10¹⁸ வரை போகிறது என்றால் லூப்பையே மறந்துவிட்டு சூத்திரமோ பாதியாக்கும் உத்தியோ தேடுங்கள்.

'ஒரே லூப்தானே எழுதியிருக்கேன்' என்று பலர் சண்டைக்கு வருவார்கள். கண்ணுக்குத் தெரிந்தது ஒன்று. உள்ளே இன்னொன்று ஒளிந்திருக்கும். பைத்தானில் ஒரு எண் லிஸ்டில் இருக்கிறதா என்று 'இன்' போட்டுக் கேட்பது, லிஸ்டின் தலையிலிருந்து ஒன்றை எடுப்பது, ஸ்லைஸ் வெட்டுவது எல்லாமே முழு லிஸ்டையும் நடந்து முடிக்கக்கூடிய வேலைகள். முதலாவதற்கு செட், இரண்டாவதற்கு டெக் (deque, இரு முனையிலும் வேகமாக எடுக்கக்கூடிய வரிசை) போதும். லட்சக்கணக்கில் வரி வாசிக்கும்போது பைத்தானின் சாதாரண இன்புட் ஃபங்க்ஷனும் ஜாவாவின் ஸ்கேனரும் நேரத்தைத் தின்னும். சி++-இல் ஒவ்வொரு வரிக்கும் எண்டில் (endl) போடுவதும் அப்படியே; அது புதுவரி மட்டுமல்ல, ஒவ்வொரு முறையும் பஃபரைக் காலி செய்கிறது.

பைத்தானில் ரிகர்ஷன் எழுதியவர்களுக்கு ஒரு வார்த்தை: ஆழத்தின் எல்லை இயல்பாக 1,000. நேர்கோடாக நீளும் ட்ரீ வந்தால் 1,000 சொச்சம் நோடிலேயே ரன்டைம் எரர். எல்லையை உயர்த்தலாம், ஆனால் மிக ஆழமாகப் போனால் ஸ்டாக்கே நிரம்பிவிடும். லூப்பாக மாற்றி எழுதுவது பத்திரம்.

யாரிடமாவது கேட்பது, யாருக்காவது சொல்வது

ஒரு மணி நேரம் முட்டிப் பார்த்தும் நகரவில்லையென்றால் கேளுங்கள். ஆனால் முழுக் கோடையும் கொட்டி 'ஏன் வேலை செய்யல?' என்று கேட்டால் பதில் வருவது கடினம். 'இந்தக் கேள்வி, இந்த இன்புட், 3 வரணும், எனக்கு 8 வருது, இந்த வரியில்தான் பிரியுதுன்னு நினைக்கிறேன்' என்று எழுதிப் பாருங்கள். பாதி நேரம் அனுப்புவதற்கு முன்பே விடை தெரிந்துவிடும். ஏஐ கருவிகளிடம் கேட்டாலும் இதே வடிவில் கேளுங்கள். 'திருத்திக் கொடு' என்பதைவிட 'இது தோற்கும் ஒரு சின்ன இன்புட் சொல்' என்று கேட்பது உங்களுக்கு லாபம். அது சொன்ன இன்புட்டில் உண்மையிலேயே தோற்கிறதா என்று ஓட்டிப் பார்த்துவிடுங்கள். தைரியமாகத் தப்பும் சொல்லும்.

நீங்கள் உதவுகிற இடத்தில் இருந்தால், கீபோர்டைத் தொடாதீர்கள். பிழை கண்ணில் பட்ட அடுத்த நொடி 'அந்த வரியை மாத்து' என்று சொல்ல நாக்கு துடிக்கும். அடக்கிக்கொள்ளுங்கள். '8 8 கொடுத்தா என்ன வரும்னு நினைக்கிறே?' என்று கேளுங்கள். அவர் தாளில் ஓட்டி, இரண்டாவது 8-இல் நின்று, 'அய்யோ' என்பார். அவ்வளவுதான் உங்கள் வேலை.

பாஸ் ஆன பிறகு

திருத்திய கோடுக்குப் பழைய இன்புட்டுகள் எல்லாவற்றையும் மறுபடி ஒரு ஓட்டு ஓட்டுங்கள். மேலே பார்த்தோமே, ஒரு பிழைக்குப் போட்ட ஒட்டு இன்னொன்றைத் திறந்துவிடும். பிறகு ஒரு நோட்டில் இரண்டு வரி: எந்த இன்புட்டில் தோற்றேன், என்ன காரணம். கேள்வியின் பெயரோ முழு விடையோ தேவையில்லை. சில மாதம் கழித்துப் புரட்டினால் உங்களுக்கென்றே உரிய பிழைகள் தெரியும். ஒவ்வொருவருக்கும் இரண்டு மூன்று இருக்கும். என் நோட்டில் 'தொடக்க மதிப்பு 0, எல்லாம் மைனஸ்' என்ற வரி ஏழு இடத்தில் இருக்கிறது. எட்டாவது போன மாதம் சேர்ந்தது.